ஐந்தாம் நாள் உபயமும் ஒன்றரை லட்சம் கோப்புகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு நிதானமா படிங்க.

கோயில் அலுவலகத்துக்கு வர்றவங்க பல பேர் என்கிட்ட ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேக்கறீங்க. "ஏன் தம்பி, முன்னெல்லாம் உபயப் பட்டியல புலனத்துல அனுப்புவீங்க, இப்ப ஏன் அனுப்பறதில்ல? ஒரு பேரு திருத்தணும்னாகூட காரணம் எழுதச் சொல்றாங்களே, இது என்ன புதுப் பழக்கம்?" நேர்ல கேட்டப்ப எல்லாம் நான் சொன்னது பாதி பதில்தான். முழுப் பதில்ல என் தப்பு ஒண்ணு இருக்கு. போன வாரம் கவுண்டர்ல நின்ன ஒருத்தர், "அன்னைக்கு ஒரு பொண்ணு பேரை விட்டுட்டுதே, அதனாலதானே இதெல்லாம்?" அப்படின்னு சொன்னார். அது காதுல விழுந்ததுக்கு அப்புறம் பேசாம இருக்கறது சரியில்ல.

மூணு வருசத்துக்கு முன்னால நவராத்திரி. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு பாட்டி, பட்டுப்புடவை கட்டி, பேரப்பிள்ளைங்களோட வந்தாங்க. தாத்தா தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்த காலத்துல இருந்து ஐந்தாம் நாள் உபயம் அந்தக் குடும்பத்துது. தாத்தா தவறின பிறகும் பாட்டி ஒரு வருசம்கூட விட்டதில்ல. அன்னைக்கு சங்கல்பத்துல குருக்கள் வேற குடும்பத்துப் பேரை வாசிச்சார். முன் வரிசையில வேற குடும்பம் நின்னுச்சு. பாட்டி சத்தம் போடல. என் பக்கத்துல வந்து, "தம்பி, இந்த வருசம் எங்க பேரு இல்லையேப்பா, நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டோமா?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க.

பட்டியலப் பார்த்தோம். ஐந்தாம் நாள் காலியா இருக்குன்னு நினைச்சு வேற குடும்பத்துக்குக் கொடுத்திருக்கு. பட்டியலத் தட்டச்சு செஞ்சது கவுண்டர்ல தொண்டு செய்யற ஒரு தங்கச்சி. அப்ப கல்லூரியில படிச்சிக்கிட்டு இருந்தா. நான் எல்லார் முன்னாலயும், "என்னம்மா, கவனமா செய்யக்கூடாதா?" அப்படின்னு கேட்டுட்டேன். அவ, "அண்ணே, நான் போட்டேண்ணே, பாட்டி பேரை நான்தான் டைப் பண்ணேன்" என்றாள். "போட்டிருந்தா எங்க போச்சு?" என்றேன். அவகிட்ட பதில் இல்ல. தீபாவளி வரைக்கும் அவ கோயில் பக்கம் வரல.

போட்டது எங்க போச்சு? அந்தக் கேள்விக்கு அலுவலகத்துல யாராலயும் பதில் சொல்ல முடியல. ஏன்னா கணினியில "உபயம்", "உபயம் புதுசு", "உபயம் கடைசி", "உபயம் உண்மையான கடைசி" அப்படின்னு கோப்புகள். செயலாளர் கைப்பேசியில ஒண்ணு, என் பென்டிரைவ்ல ஒண்ணு, புலனத்துல ஏழெட்டு. எது சரி, எது பழசு, யார் எப்ப மாத்தினாங்க, ஒண்ணும் தெரியாது.

நம்ம பழைய கணக்கர் ஐயாவ மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் உபயப் புத்தகத்துல ரப்பர் வெச்சு அழிச்சதே கிடையாது. பேர் மாறினா பழைய பேர் மேல சிவப்பு மையில ஒரே ஒரு கோடு. அடியில தெரியற மாதிரிதான் கோடு. பக்கத்துல புதுப் பேர், தேதி, காரணம், கையெழுத்து. "தகப்பனார் காலமானதால் மகன் பெயரில்" என்று எழுதியிருப்பார். 30 வருசம் கழிச்சும் அந்தப் பக்கத்தத் திறந்தா என்ன நடந்துச்சுன்னு புரியும். கணினிக்கு வந்தப்ப நாம அந்தப் பழக்கத்த விட்டுட்டோம். கணினியில "சேவ்" அழுத்தினா பழையது போயிடும். சிவப்புக் கோடு கிடையாது.

கணினியிலயும் சிவப்புக் கோடு போட ஒரு வழி இருக்கு. மென்பொருள் எழுதறவங்க அத வெர்ஷன் கண்ட்ரோல்னு சொல்லுவாங்க. அதுல இன்னைக்கு அதிகம் புழங்கறது 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல, லினக்ஸ் வேலைக்காக எழுத ஆரம்பிச்சது. காசும் கிடையாது. ஒவ்வொரு முறை மாத்தும்போதும் யார், எப்ப, எந்த வரி, ஏன் என்று பதிஞ்சு வெச்சுக்கும். இந்தப் பதிவுக்கு 'கமிட்'னு பேர். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போகலாம். நான் வேலையில தினமும் பயன்படுத்தறதுதான். கோயிலுக்கு ஏன் இத்தன வருசம் கொண்டுவரலன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு.

கொண்டுவந்தேன். ஆனா பேராசைப்பட்டேன்.

உபயப் பட்டியல் மட்டும் போட்டிருக்கலாம். "எல்லாத்தையும் ஒரே களஞ்சியத்துல போட்டுடுவோம்" என்று முடிவு பண்ணேன். ரெண்டு கும்பாபிஷேகப் படங்கள், தைப்பூசக் காவடிப் படங்கள், திருப்பணி வீடியோ, ஐயாவோட புத்தகங்கள ஸ்கேன் பண்ண பக்கங்கள், தேவார வகுப்புப் பாடங்கள், வருசா வருசம் ரசீதுகள். எண்ணிப் பார்த்தா ஒன்றரை லட்சம் கோப்புகள். அலுவலகக் கணினியில ராத்திரி ஆரம்பிச்சு விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மதியம்தான் முடிஞ்சுது.

அதுக்கப்புறம் வந்தது பாருங்க சோதனை. "என்ன மாறியிருக்கு?"ன்னு கேக்கற 'ஸ்டேட்டஸ்' கட்டளையப் போட்டா, தே தாரேக் வாங்கிட்டு வந்து குடிச்சு முடிக்கலாம், பதில் வராது. தேவார ஆசிரியை தன் மடிக்கணினிக்கு ஒரு நகல் எடுத்தாங்க. வட்டு நிரம்பி மெஷினே நின்னுபோச்சு. அவங்களுக்குத் தேவைப்பட்டது 40 பக்கப் பாடம். நான் அவங்க தலையில ஏத்தினது ரெண்டு கும்பாபிஷேகம்.

ஏன் இப்படி? தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குப் பெரட்டு தெரியும். விடியக்காலையில எல்லாரும் வரிசையா நிக்க, பேர் பேரா கூப்பிட்டு ஆள் இருக்கா இல்லையான்னு குறிப்பாங்க. கிட்டும் அதத்தான் செய்யுது. தன்கிட்ட இருக்கற ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வெச்சு, இண்டெக்ஸ்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. 'ஸ்டேட்டஸ்' கேட்டா ஒவ்வொரு பேரா கூப்பிட்டு, "நேத்து பார்த்த அதே அளவு, அதே நேரமா? மாறிட்டியா?" என்று பார்க்கும். போதாததுக்கு, பட்டியல்ல இல்லாத புது ஆள் யாராவது வந்திருக்காங்களான்னு லயம் முழுக்க ஒரு சுத்து வரும். 200 பேருக்குப் பெரட்டு ஒரு நொடி. ஒன்றரை லட்சம் பேருக்கு, அதுவும் நம்ம அலுவலகத்துப் பழைய கணினியில, பெரட்டு முடியறதுக்குள்ள பொழுது போயிடும்.

படங்களால இன்னொரு தொல்லை. எழுத்துக் கோப்பு மாறினா, பழையதையும் புதுசையும் ஒப்பிட்டு வித்தியாசத்த மட்டும் சுருக்கி வெச்சுக்க கிட்டுக்குத் தெரியும். படம் ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள், மேல சுருக்க முடியாது. உள்ள ஒரு பிரதி, வெளிய ஒரு பிரதின்னு ரெண்டு மடங்கு இடம் பிடிக்கும். அழிச்சாலும் வெளிப் பிரதிதான் போகும். உள்ள இருக்கற பிரதி வரலாறா தங்கிடும். அடுத்து நகல் எடுக்கறவங்க அழிச்ச படத்தையும் சேர்த்துத்தான் சுமக்கணும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல. 2017ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் நிரல் முழுக்க கிட்டுக்கு மாத்தினப்ப அதுல சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிகாபைட். வேலை செய்யறவங்க ஏறக்குறைய 4,000 பொறியாளர்கள். சாதாரண முறையில நகல் எடுக்க 12 மணி நேரத்துக்கு மேல. 'ஸ்டேட்டஸ்' கேட்டா 10 நிமிசம். கூகள் வேற வழியில போனாங்க. 2015 ஜனவரி கணக்குல அவங்க ஒரே களஞ்சியத்துல சுமார் 100 கோடி கோப்புகள், 86 டெராபைட். அதுக்காகத் தாங்களே சொந்தமா ஒரு அமைப்பு கட்டிக்கிட்டாங்க.

நமக்குச் சொந்தமா கட்ட வசதி இல்ல. ஆனா அவங்க பட்ட பாட்டுல இருந்து வந்த பாடம் ரொம்ப எளிமை. தேவைப்படாதத ஆளுக்கு ஆள் சுமக்க வைக்காதே. மாறாத ஆள ஒவ்வொரு முறையும் பேர் சொல்லிக் கூப்பிடாதே.

மைக்ரோசாஃப்ட் முதல்ல செஞ்சது, கோப்பு எல்லாம் இருக்கற மாதிரி காட்டிட்டு, திறக்கும்போது மட்டும் உள்ளடக்கத்தக் கொண்டுவர்ற ஏற்பாடு. பிறகு கிட்டுக்குள்ளேயே வசதிகள் வந்துச்சு. 2020 ஜனவரியில 'ஸ்பார்ஸ் செக்அவுட்' கட்டளை. களஞ்சியம் முழுசா இருந்தாலும், உனக்கு வேண்டிய ஃபோல்டர் மட்டும் உன் கணினியில விரியும். 'பார்ஷியல் க்ளோன்'னு ஒண்ணு, உள்ளடக்கத்த வேணுங்கறப்ப மட்டும் இறக்கிக்கறது. 2022ல 'எஃப்எஸ்மானிட்டர்' கூடவே வர ஆரம்பிச்சுது. வாசல்ல ஒருத்தர நிறுத்தி, "யார் எழுந்து போனாலும் குறிச்சு வை" என்று சொல்ற மாதிரி. முழுப் பெரட்டு வேண்டாம், குறிச்சவங்கள மட்டும் பார்த்தா போதும்.

மடப்பள்ளியில இத நாம ரொம்ப நாளா செய்யறோம். சர்க்கரைப் பொங்கல் கிண்டறவருக்கு அரிசி, பருப்பு, வெல்லம், நெய் எடுத்துக் கொடுப்போம். தேர்க் கயிறையும் வாகன மண்டபச் சாவியையும் சேர்த்து அவர் கையில திணிப்போமா?

பழையத மூடி வெச்சிட்டு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்த முறை செஞ்சது இது.

ஒண்ணு, மாறக்கூடிய எழுத்து மட்டும்தான் களஞ்சியத்துக்குள்ள. எக்செல் கோப்பு உண்மையில ஒரு சுருக்கிக் கட்டின மூட்டை. எந்த வரி மாறுச்சுன்னு கிட் காட்டாது. அதனால உபயப் பட்டியல சிஎஸ்வி-யா, ஒரு குடும்பத்துக்கு ஒரு வரியா வெச்சோம். ஒரு பேர் மாறினா ஒரு வரி மட்டும் மாறினதா தெரியும்.

ரெண்டு, படங்கள் வெளிய. ஒருமுறை எடுத்த படம் மாறப்போறதில்ல. அதுக்கு வரலாறு வேண்டாம், பத்திரமான பிரதி வேணும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சோம். ஒண்ணு கோயில்ல, ஒண்ணு செயலாளர் வீட்டுல. ஒவ்வொரு படத்துக்கும் கணினி கணக்குப் போட்டுத் தர்ற 64 எழுத்துக் கைரேகை ஒண்ணு இருக்கு. படத்துல ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிடும். அந்தக் கைரேகைப் பட்டியல் மட்டும் களஞ்சியத்துக்குள்ள இருக்கு. வருசம் ஒரு முறை சரிபார்த்தா, எந்தப் படம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும். இதுல ஒரு லாபமும் கிடைச்சுது. ஒரே படத்த வேற வேற பேர்ல பல இடத்துல வெச்சிருந்தோம். கைரேகை ஒண்ணா இருந்ததால எல்லாம் மாட்டிக்கிச்சு.

மூணு, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பகுதி. படங்கள எடுத்த பிறகும் ரசீதும் பாடமுமா 30 ஆயிரம் சின்னக் கோப்புகள் இருக்கு. கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு உபயம் மட்டும் விரியும். ஆசிரியைக்குப் பாடம் மட்டும்.

நாலு, இது முக்கியம். அவசரத்துல சில உபயக்காரங்களோட அடையாள அட்டை நகல்களையும் நான் உள்ள போட்டிருந்தேன். ஒரு பகுதிய விரிக்காம வைக்கறது பூட்டு இல்ல. தெரிஞ்சவங்க விரிச்சுப் பார்த்துடலாம். அழிச்சாலும் வரலாற்றுல இருக்கும். அதனால வரலாற்றையே திருத்தி எழுதற ஒரு கருவியால அந்த நகல்கள வேரோட எடுத்தேன். ஏற்கெனவே எடுத்திருந்த எல்லாப் பிரதியையும் தேடி அழிச்சோம். இனிமே அந்த மாதிரி ஆவணம் கணினிக்கே வராது. பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம்.

இப்ப பாட்டி விசயத்துக்கு வர்றேன்.

புதுக் களஞ்சியத்துக்குப் பழைய வரலாறும் வேணும்னு நினைச்சேன். புலனம், மின்னஞ்சல், பென்டிரைவ் எல்லாத்துலயும் தேடி அந்த வருசத்து உபயப் பட்டியல் 23 பிரதி சேர்த்தேன். எக்செல் கோப்புக்குள்ள கடைசியா சேவ் பண்ணவங்க பேரும் நேரமும் இருக்கும். அந்த வரிசையில ஒண்ணொண்ணா சிஎஸ்வி-யா மாத்தி, ஒண்ணொண்ணா கமிட் பண்ணேன். ராத்திரி ஒரு மணி இருக்கும். ஒவ்வொண்ணா புரட்டிக்கிட்டே வந்தேன்.

பன்னிரண்டாவது பிரதியில பச்சை நிறத்துல ஒரு வரி சேர்ந்திருந்துச்சு. ஐந்தாம் நாள், பாட்டி குடும்பத்துப் பேரு. சேர்த்தது அந்தத் தங்கச்சி. அவ சொன்னது நிஜம்.

பதினாலாவது பிரதியில அதே வரி சிவப்பு. காணாமப் போயிருந்துச்சு. கடைசியா சேவ் பண்ணவர் பேர் இருந்த இடத்துல என் பேரு.

பார்த்த உடனே ஞாபகம் வந்துச்சு. யாரோ ஒரு குடும்பத்துத் தொலைபேசி எண்ண மாத்தச் சொன்னாங்க. வீட்டுல உக்காந்து, பென்டிரைவ்ல இருந்த பழைய பிரதியில மாத்தி, மறுநாள் அலுவலகக் கணினியில அதே பேர்ல மேல ஒட்டிட்டேன். "ரீப்ளேஸ் பண்ணவா?"ன்னு கேட்டிருக்கும். "ஆமா" அழுத்தியிருப்பேன்.

உண்மையச் சொல்றேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. அந்தப் பதினாலாவது பிரதிய மட்டும் விட்டுட்டா? அடுத்ததுல எப்படியும் அந்த வரி இல்ல, பழி அடுத்த ஆள் மேல போயிடும். முந்தின வாரம்தான் அடையாள அட்டைகள வரலாற்றுல இருந்து எடுத்த அதே கருவி கையில இருக்கு. யாருக்கும் தெரியாது. மடிக்கணினிய மூடிட்டுப் படுத்தேன். தூக்கம் வரல. கணக்கர் ஐயாவோட சிவப்புக் கோடுதான் கண்ணுல நின்னுச்சு. அவர் தன்னோட தப்புக்கும் அதே கோடுதான் போட்டிருப்பார். "எழுதியவர் பிழை" என்று பக்கத்துல எழுதிக் கையெழுத்து போட்ட பக்கங்கள் அந்தப் புத்தகத்துல இருக்கு. நானே ஸ்கேன் பண்ணியிருக்கேன்.

அந்தப் பிரதிய எடுக்கல. ஆனா உடனே யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. பதினோரு நாள் ஆச்சு. அதுவும் என் தப்புதான்.

பாட்டி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காப்பி கொடுத்தாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா தம்பி?" என்றாங்க. "இன்னும் இல்ல பாட்டி." "முதல்ல அங்கதானே போயிருக்கணும்?" அவ்வளவுதான் சொன்னாங்க.

தங்கச்சிகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். திரையில அந்த ரெண்டு பிரதியையும் காட்டினேன். பன்னிரண்டாவதுல இருந்த பச்சை வரியவே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தா. "நான் போட்டேன்னு சொன்னேன்லண்ணே" என்றாள். அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? இப்ப அவதான் உபயப் பட்டியலுக்குப் பொறுப்பு. என் கமிட்டையும் அவ பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் உள்ள போகும். செயலவையில நானே கேட்டு வாங்கின விதி அது.

ஆனா அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அவளக் கேட்ட நான், மன்னிப்ப மட்டும் தனியா கேட்டேன். அதனாலதான் அவ அனுமதியோடயும் பாட்டி அனுமதியோடயும் இன்னைக்கு எல்லார் முன்னாலயும் எழுதறேன். அந்தப் பேரை விட்டது அந்தப் பொண்ணு இல்ல. நான்தான்.

இனி உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

உபயப் பேர் திருத்தம் இருந்தா நேர்ல வாங்க, காரணம் ஒரு வரி சொல்லுங்க. அது உங்களச் சந்தேகப்பட்டுக் கேக்கற கேள்வி இல்ல. 30 வருசம் கழிச்சு உங்க பேரப்பிள்ளை வந்து கேட்டா, அப்ப இருக்கற தொண்டரால பதில் சொல்ல முடியணும்.

பழைய கோயில் படங்கள் வீட்டுல இருந்தா, தயவு செஞ்சு புலனத்துல அனுப்பாதீங்க. அதுல அனுப்பினா படம் சுருங்கி தரம் குறைஞ்சிடும். படத்தையே கொண்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு அப்பவே திருப்பித் தர்றோம்.

கடைசியா, ஞாயித்துக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் அலுவலகத்துல பழைய படங்கள திரையில போடறோம். முதல் கும்பாபிஷேகத்துல கலசம் தூக்கினவங்க, பந்தக்கால் நட்டவங்க, பந்தி பரிமாறினவங்கன்னு பேர் தெரியாத முகங்கள் நிறைய. கைரேகை வெச்சு ஒரே படத்தக் கண்டுபிடிக்க முடிஞ்ச கணினிக்கு, அது யார்னு சொல்லத் தெரியாது. அது மூத்தவங்க உங்களுக்குத்தான் தெரியும். பாட்டி போன வாரமே வந்து ஆறு பேரச் சொல்லிட்டாங்க. அதுல ஒருத்தர் தாத்தா. தேங்காய் உரிச்சிக்கிட்டு இருக்கார், கேமராவப் பார்க்கவே இல்ல.

எல்லாரும் வாங்க. பசியாறிட்டுப் போகலாம்.

ஓம் சக்தி.